கல்யாண பேனரில் கறுப்பு முகம்

மும்பை தாராவியில் நானும் மதினியும் நடத்துகிற பேனர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் முகம் வந்தாலும் வெளுப்பாக்கிவிடுவோம். கேட்பதே இல்லை. மவுஸை நாலு இழுப்பு இழுத்தால் வெயிலில் கறுத்த கோவண்டிக்காரர் காஷ்மீர்க்காரராகிவிடுவார். அவரும் சந்தோஷமாக வாங்கிப் போவார்.

ஒரு பெண் மட்டும் சண்டைக்கு வந்தாள். அவளுடைய நிச்சயதார்த்த பேனர் நாங்கள் அடித்ததுதான்.

“பேனர் பக்கத்துலயே நிக்கேன்க்கா. மாப்பிள்ளை வீட்டாளுக என்கிட்டயே வந்து ‘பொண்ணு எங்க’ன்னு கேக்காங்க. கல்யாணத்துலயும் இதே கூத்துன்னா நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கூட வந்த அவளுடைய அம்மா, “அவ கிடக்கா. நீங்க நல்லா வெளுப்பாவே போடுங்க” என்றார்.

அவள் போனில் இருந்த படங்களையும் பார்த்தோம். எல்லாமே போன் தானாக வெளுத்துக் கொடுத்தவை. அவள் நிறம் ஒன்றில்கூட இல்லை.

“நானே வரையுதேன்” என்றார் மதினி. எனக்குத் திக்கென்றது. சமையல் முடித்துவிட்டு இந்தி வீடியோ பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டரில் படம் தீட்டக் கற்றுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

போன் படம் ஒன்றின் மேல் புது அடுக்காக லேயர் போட்டு, நிழலுக்குக் கறுப்பை எடுத்துத் தடவினார். முகம் கரியடைந்து போனது.

“மதினி, இது பொண்ணா, தோசைக்கல்லா?”

“சும்மா கெடங்க தம்பி” என்றவர், எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்தப் பெண்ணைக் கடை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “கறுப்பு எங்கயாவது இருக்கா, சொல்லுங்க” என்றார். அடேயப்பா! நெற்றியில் லேசாக நீலம், தாடைக்குக் கீழே மெரூன், காதோரம் சிவப்பு. இத்தனை வருஷம் முகங்களோடு பிழைத்த எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

பிரஷ்ஷின் அடர்த்தியைக் குறைத்து, தெரிந்தும் தெரியாமலும் ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றாக ஏற்றிக்கொண்டே போனார். கன்னம் உருண்டு வந்தது. கண்ணுக்கு உயிர் வந்தது. எங்கள் மதினியா இது என்று வாயைப் பிளந்து நின்றேன். பெருமை தாங்கவில்லை.

மறுநாள் படம் பார்க்க அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திரைக்கு அருகில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“ஏட்டி, நீ இவ்ளோ அழகாவா இருக்க? சின்னப்புள்ளையிலேருந்து பவுடரை அப்பி அப்பி, ஒம் மூஞ்சிய நானே பாத்ததில்ல போலிருக்கே.”