அப்பாவின் போனுக்கு லைன் கிளியர்

அப்பா டெல்லிக்கு வந்த முதல் மாதம் முழுக்க அவருக்காகப் பேசியது அவருடைய போன்தான். விருதுநகர்ப் பக்கம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தியில் அவருக்குத் தெரிந்தது ‘நஹி’ ஒன்றுதான். அதையும் அவர் சொல்லும் தோரணையில் எதிராளி ஒரு அடி பின்னால் போவார். அம்மா போன பிறகு, தானே பொங்கித் தானே சாப்பிட்டுக்கொண்டு தனியாக இருந்தவரை, டெல்லிக் குளிர் பிரமாதமாக இருக்கும் என்று ஆசை காட்டி, மயூர் விஹாரில் நான் இருக்கும் வாடகை ஃபிளாட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது என் திட்டம். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரயிலே ஏறியிருக்க மாட்டார்.

போனில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தேன். தமிழில் பேசினால் அது இந்தியில் பேசும். எதிரில் இருப்பவர் இந்தியில் பேசினால் தமிழில் சொல்லும். அப்பாவுக்கு ஒரே குஷி. காய்கறி வண்டிக்காரரிடம் போனை மைக் மாதிரி நீட்டி, “தம்பி, கொத்தமல்லி சும்மா தருவீங்களாமே, எங்க பாப்பா சொல்லுச்சு” என்பார். போன் அதை மேடைப் பேச்சு இந்தியில் முழங்கும். வண்டிக்காரர் கொத்தமல்லியோடு நாலு பச்சை மிளகாயையும் சேர்த்துப் போடுவார்.

சிக்கல் என்னவென்றால், வெயிலில் தெரிவதற்குத் திரையின் வெளிச்சம் உச்சத்தில் இருக்க வேண்டும், மைக் திறந்தே கிடக்க வேண்டும், நெட் ஓட வேண்டும். அது பழைய போன் வேறு. காலையில் நூறு சதவீதத்தோடு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் படுத்துவிடும். புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். “எந்தப் பட்டன் எங்க இருக்குன்னு இப்பத்தான் கைக்குப் பழகியிருக்கு, மறுபடியும் மொதல்ல இருந்தா?” என்றார். பேட்டரியை மட்டும் மாற்றலாம் என்றால் அந்த மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. டூப்ளிகேட் என்ற சொல்லை மின்வாரியக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஒரு நாள் நல்லெண்ணெயும் அப்பளமும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத் தனியாக மெட்ரோவில் போனார். போன காரியம் ஜம்மென்று முடிந்திருக்கிறது. திரும்பும்போது எதிர்த் திசை வண்டியில் ஏறிவிட்டார். அந்த நேரம் பார்த்து போன் அணைந்துவிட்டது. யாரிடமோ ‘மயூர் விஹார்’ என்றிருக்கிறார். அந்த மனிதர் நல்லவர்தான், நின்று நிதானமாக நீளமாக வழி சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பலகைகளைப் படித்துப் படித்து, இருட்டும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார். எண்ணெய் பாட்டிலைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“இந்த ஊருல நான் ஊமை பாப்பா. அந்த போன் செத்தா நானும் செத்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போயிர்றேன். டிக்கெட்டு பாரு.”

எனக்குச் சுருக்கென்றது. பொங்கலுக்குச் சில வாரங்களே இருந்தன. அப்பா போய்விட்டால் மறுபடியும் அந்த வீட்டில் ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர். இங்கே நானும் அப்படித்தான். அழலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். என் கண்ணுக்கு இது சார்ஜ் நிற்காத பிரச்சினையாகத் தெரிந்தது. சார்ஜ் நின்றால் அப்பா நிற்பார். அவ்வளவுதானே என்று கையை மடக்கிவிட்டுக்கொண்டு இறங்கினேன்.

கம்பெனி போனோடு கொடுக்கும் மென்பொருளைத் துடைத்துவிட்டு, உலகத்தின் எங்கெங்கோ இருக்கும் ஆர்வக்கோளாறுகள் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் மென்பொருளைப் போடலாம். அதற்கு முதலில் போனின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். படங்களையெல்லாம் லேப்டாப்பில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை கேபிளைச் செருகப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

“எல்.சி. வாங்கிட்டியா?”

எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பியில் கை வைக்கும் முன்னால், அந்த லைனில் சப்ளை நிறுத்தப்பட்டுவிட்டது, இனி வேலை செய்யலாம் என்று பொறுப்பில் இருப்பவர் தரும் அனுமதி. அது இல்லாமல் கம்பத்தில் ஏறினால் ஏறியவன் இறங்க மாட்டான். அப்பா பணியில் இருந்த காலம் முழுவதும் எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவதற்குக்கூட எல்.சி. வாங்க வேண்டும்.

“இது போன்ப்பா.”

“கரண்டுல ஓடுதுல்ல?”

சரி என்று நேராக நின்று, “அப்பா, லைன் கிளியர்?” என்றேன். “லைன் கிளியர் குடுத்தாச்சு. வேலையப் பாரு” என்றார். அன்றிலிருந்து அந்த போனில் நான் எதை மாற்றினாலும் இந்தச் சடங்கு நடந்தது.

புது மென்பொருள் ஏறியது. தேவையில்லாத செயலிகளைப் பிடுங்கி எறிந்தேன். நெட் இல்லாமலே வேலை செய்யும்படி இந்தியையும் தமிழையும் போனுக்குள்ளேயே இறக்கினேன். அதன் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்தேன், போனின் மூளையான பிராசஸர். அதில் எட்டு கோர்கள், வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் எட்டுக் குட்டி மூளைகள். நாலு சின்னவை, சொட்டுச் சொட்டாகச் சார்ஜ் குடிப்பவை. நாலு பெரியவை, வேகமானவை, அண்டா அண்டாவாகக் குடிப்பவை. எந்த வேலைக்கு எது எழுந்திருக்க வேண்டும், எவ்வளவு வேகம் வரை போகலாம் என்பதையெல்லாம் நாமே கட்டுப்படுத்தலாம். இதை அப்பாவுக்கு விளக்கத் தொடங்கி முதல் வாக்கியத்தை முடிக்கவில்லை, அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அட, லோடு பிரிக்கிறியா? பீக் அவர்ல கரண்டு பத்தாதப்ப நாங்க பண்ணுற வேலைதான இது!”

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நான் என்ன வேலை செய்கிறேன் என்று அப்பாவுக்கு அதுவரை தெரியாது. கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுகிறாள், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அவ்வளவுதான். அன்று இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டு, ஒரு உள்ளங்கை அளவு மின்நிலையத்துக்கு லோடு பிரித்தோம். ஒரு கோர் விழித்திருப்பதைக் கண்டால் “எதுக்கு இது சும்மா எரியுது, அமத்து அத” என்பார். நானும் அணைப்பேன். இரண்டு கஞ்சர்கள் சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. பெரிய கோர்கள் நாலையும் ஏறக்குறையத் தூங்கவே வைத்துவிட்டோம்.

மறுநாள் சந்தைக்குப் போய்வந்த அப்பாவின் முகம் விசித்திரமாக இருந்தது.

“வோல்டேஜ் பத்தல பாப்பா. முட்டைக்கோஸ்காரன்ட்ட வெலை கேட்டேன். அது யோசிச்சு யோசிச்சு, நான் முள்ளங்கிக்காரன்ட்ட போனப்புறம் வாயத் தொறக்குது. அவன் முள்ளங்கியக் கையில வச்சுக்கிட்டு, ‘முட்டைக்கோஸ் இல்லையே’ங்கிற மாதிரி என்னையப் பாக்கிறான்.”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃபிளாட் பஞ்சாபி அம்மாள் கதவைத் தட்டி என்ன விஷயம் என்று கேட்டார். அடுத்த சில நாட்கள் கொஞ்சம் கூட்டிப் பார்த்தோம், கொஞ்சம் குறைத்துப் பார்த்தோம். ஒரு காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நான் சொல்லாமல் ஓர் அளவை மாற்றிவிட, “லைன்ல ஆளு இருக்கிறப்ப சப்ளைய மாத்துறியே, நீயெல்லாம் எங்க ஆபீஸ்ல இருந்திருந்தா அன்னைக்கே சஸ்பெண்டு” என்று குதித்தார். கடைசியில் கொஞ்சம் மந்தமாக, ஆனால் நாள் முழுக்கத் தாங்கும்படியான ஓர் அளவில் நிறுத்தினேன்.

பலன் பிரமாதம். மாலையில் நான் வீடு வரும்போது போனில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அடுத்த வாரம் முக்கால். எனக்கு ரெக்கை முளைத்துவிட்டது. அலுவலகத்தில் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன். அந்த ஆர்வக்கோளாறுகள் கூடும் இணையக் குழுவில் என் அளவுகளைப் போட்டுப் பீற்றிக்கொண்டேன். எங்கிருந்தோ ஒருவர், “இது சாத்தியமே இல்லை, எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டிருந்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஊர் டிக்கெட்டைப் பற்றி அப்பா வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

தினமும் சாப்பாட்டு வேளையில், ஒரு மணிக்கு, அவரைக் கூப்பிடுவேன். முதல் மணியிலேயே எடுப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் பதினோரு மணிவாக்கில் கூப்பிட வேண்டி வந்தது. சிலிண்டர் கொண்டுவருபவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கதவை யாரும் திறக்கவில்லை என்று எனக்குப் போன் செய்தார். அப்பாவைக் கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருப்பதாக அந்தப் பெண் குரல் இந்தியில் சொன்னது, ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி சொன்னது.

காலையில் நல்ல மூடுபனி வேறு. முக்கால்வாசி சார்ஜ் நிற்கிற போன் எப்படி அணையும்? ரொம்பக் குறைத்துவிட்டேன், அது எங்கேயோ உறைந்து நின்றுவிட்டது, அப்பா எந்த மெட்ரோ நிலையத்திலோ ஊமையாக நிற்கிறார் என்று மனசு படம் ஓட்டத் தொடங்கிவிட்டது. சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மேலாளரிடம் பாதி வாக்கியம் சொல்லி, நொய்டா அலுவலகத்திலிருந்து மெட்ரோ பிடித்தேன். வண்டியில் உட்கார இடம் இருந்தும் கதவருகிலேயே நின்றேன். அந்த இணையக் குழுவில் பீற்றியதை நினைத்து என் மேலேயே எரிச்சலாக வந்தது. பொங்கல் வரைக்கும் எதற்கு, இன்று இரவே ஊருக்குப் போகிறேன் என்பார். சரி என்பதைத் தவிர எனக்கும் வேறு வழி இருக்காது.

காலனி வாசலில் காவலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அங்கிள் தோ பார்க் மே ஹைன், தீதி” என்றார், பூங்காவில்தான், தினமும் அங்கேதானே இருப்பார் என்கிற தொனியில்.

பூங்காவில் பனி விலகி வெயில் விழுந்திருந்தது. புல்லின் மேல் ஜமுக்காளம் விரித்து, குல்லாயும் மப்ளருமாக நாலைந்து பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வேர்க்கடலைத் தோல் குவியல். முதுகு காட்டி உட்கார்ந்திருந்த குரங்குக் குல்லாய்க்காரர் எதிரில் இருந்தவரை, சீக்கிரம், எவ்வளவு நேரம்தான் யோசிப்பது என்று அதட்டினார்.

“அரே, ஜல்தி பாய்சாப், ஜல்தி! கித்னா சோச்தா ஹை!”

குரல் என் அப்பாவுடையது. இந்தி யாருடையது என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

“அப்பா!” என்று கத்தினேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “போன ஏன் ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க? நான் உயிரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடி வாரேன்!”

அவர் சாவகாசமாகத் திரும்பினார். “நீ ஒரு மணிக்குத்தான கூப்பிடுவ? ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கிறப்ப போட்டுக்கிருவேன். லோடு இல்லாத லைன்ல எதுக்கு சப்ளை, வீணா?”

“தினமுமா?”

“தினமுந்தான்.”

இணையக் குழுவில் சந்தேகப்பட்டவரை மனசுக்குள் கும்பிட்டேன்.

“அப்ப இவங்ககிட்ட எப்படிப் பேசுறீங்க?”

“ஆரம்பத்துல அதத்தான் நீட்டுனேன். நீ அத ஆமை மாதிரி ஆக்கிட்டியா, அது யோசிச்சுக்கிட்டே இருக்கும். எம்புட்டு நேரம் ரெண்டு மனுசங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கிறது? இவரு கையக் காட்டுவாரு, நான் ஒரு வார்த்தை சொல்லுவேன், அவரு ரெண்டு சொல்லுவாரு. அது வாயத் தொறக்கிறதுக்குள்ள நாங்க பேசி முடிச்சிருப்போம். அப்புறம் அது எதுக்குன்னு உள்ள வச்சிட்டேன்.” பிறகு வட்டத்தைப் பார்த்து, மகள் என்று என்னைக் காட்டி, மார்பைக் கொஞ்சம் நிமிர்த்தி, “மேரி பேட்டி. இஞ்சினியர்” என்றார்.

வட்டம் முழுக்க, “அச்சா, அச்சா, ஆவோ பேட்டா, பைட்டோ” என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டது. ஒரு சர்தார்ஜி என் கை நிறைய வேர்க்கடலையைத் திணித்தார். இந்தப் பிராசஸரை நான் இவ்வளவு கேவலமாக அமைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன், சிரிப்பு பீறிட்டது. கண்ணில் தண்ணீரும் நின்றபாடில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்த மென்பொருளும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

ஆட்டம் மறுபடி சூடு பிடித்தது. நான் மேலாளருக்கு அரை நாள் விடுப்பு என்று செய்தி அனுப்பிவிட்டுக் கடலை உரித்தேன். அப்பா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் சாய்ந்தார்.

“பாப்பா, அந்த டிக்கெட்டு போட்டுட்டியா?”

“இல்லப்பா.” உரித்த கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

“போடாத. மே மாசம் வெயில்ல இங்க ஒரு பய வெளிய வரமாட்டானாம், ஆட்டமே கெடையாதாம். அப்ப போயி வீட்டத் தூத்துத் தண்ணி தெளிச்சு, நாலு பேரப் பாத்துட்டு, ரெண்டு வாரத்துல இங்க வந்துர்றேன்” என்றபடி, கையிலிருந்த சீட்டை ஜமுக்காளத்தில் ஓங்கி அடித்தார்.