ஓட்டையில்லாத கீரை

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு இரண்டாம் முறை ஊசி ஏற்றிக் கூட்டி வந்த அன்றே முடிவெடுத்தேன்: இனி நஞ்சு பட்ட ஒரு இலைகூட அவர் வாய்க்குள் போகக்கூடாது. முப்பது வருடம் மேல்சட்டைகூடப் போடாமல் வெங்காயத்துக்குப் பூச்சிமருந்து அடித்த மனுசன். அதனால்தான் வயிற்றில் புற்று வந்தது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன்.

அந்தக் கிழமைதான் மேற்கு வேலியைப் பிரித்துத் தகரம் அடித்திருந்தோம். எங்கள் பக்கத்தில் பழைய வேலி ஓலையை யாரும் கொளுத்துவதில்லை. அது தோட்டத்துக்குப் பசளை. கிணற்றடியில் குழி வெட்டி, பாதி உக்கியிருந்த அந்தப் பனையோலையைக் கொத்திப் போட்டு, மேலே ஆட்டெருவும் கிளிசீரியா மரத்துக் குழையும் சாணமும் அடுக்கினேன். தினமும் விடிய எழும்பி மண்வெட்டியால் பிரட்டினேன். மூன்று மாதத்தில் எரு கறுத்துப் பொலபொலவென்று வந்தது. முளைக்கீரை விதைத்தேன்.

அப்படியொரு கீரையை நான் கண்டதில்லை. பூச்சி கடித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. வந்தவர்களையெல்லாம் பாத்தியடிக்குக் கூட்டிப்போய்ப் பீற்றிக்கொண்டேன். சுன்னாகம் சந்தைக் கீரையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவருக்கு வேறெதுவும் வயிற்றில் தங்காது. என் கீரைக் கடையல் மட்டும் தங்கியது. ஆறு கிழமை, ஒரு நாள் தவறாமல் ஊட்டினேன்.

ஒருநாள் அவரைப் பார்க்க வந்த அவருடைய தமையனையும் பாத்திக்குக் கூட்டிப்போனேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன பசளை என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பிள்ளை, உந்த மேற்கு வேலிக்கு வருசா வருசம் கறையான் மருந்து ஊத்திறது நானும் தம்பியுமெல்லோ. ஓலை நனைய நனைய ஊத்திறனாங்கள்."

உள்ளே போய்க் கட்டிலடியில் நின்று, இது தெரியுமா என்று அவரிடம் கேட்டேன்.

"தெரியும்," என்றார். "நீ குழி வெட்டேக்கையே தெரியும்."

"தெரிஞ்சுமோ சாப்பிட்டனீங்கள்?"

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார். "எருவைப் பிரட்டேக்கை மட்டுந்தான் நீ அழாமல் நிண்டனீ. எனக்கு இனி உது என்ன செய்யப்போகுது?"

அவரைத் திட்டினேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு போய்ப் பாத்தி முழுவதையும் வேரோடு பிடுங்கினேன். அன்று மத்தியானம் அவர் கீரை கேட்டார். கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. சந்தையில் வாங்கிக் கடைந்து கொடுத்ததை ஒரு வாயோடு ஒதுக்கிவிட்டார்.

அதிலிருந்து மூன்றாம் கிழமை போய்விட்டார். கீரையால் அல்ல, நோய் முற்றியதால்தான் என்று டொக்டர் பொறுமையாக விளக்கினார். தலையாட்டினேன். நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

குழியில் இன்னும் அரைவாசி எரு கிடக்கிறது. போன மழைக்கு அதன் விளிம்பில் கீரை தானாக முளைத்தது. குனிந்து பார்த்தேன். ஒரு இலையிலும் ஓட்டை இல்லை.