பன்னிரண்டு பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு

போன வாரம் வீட்டில் ஒரு வாட்டர் ஹீட்டர் மாட்டினார்கள். போனிலிருந்தே போடலாம், அணைக்கலாமாம். மாட்ட வந்தவர் பாஸ்வேர்டைச் சொன்னார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "எல்லா வீட்டுக்கும் இதேதான் மேடம். மறக்காது பாருங்க." அவரை வெளியே போகச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் மரியாதையில்லாமல்தான். புது ஹீட்டர் முதல்முறை சூடாகும்போது ஒரு தகர வாடை வரும் இல்லையா, அதில் எனக்கு ஏலக்காய் மணந்தது. உங்களுக்கு ஏலக்காய் என்றால் பாயசம். எனக்குப் பயம்.

படிப்பு முடித்ததும் போடியில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். மாடியில் இரண்டு அறை. கீழே ஏலக்காய் சலிக்கிற இடம், அதனால் நாள் பூராவும் தும்மல். மலை எஸ்டேட்டுகளில் ஸ்டோர் என்று ஒரு கட்டடம் இருக்கும். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, சூட்டுக்காற்று விட்டு அங்கேதான் காயவைப்பார்கள். முன்பு விறகு, பிறகு கேஸ் பர்னர். அந்தப் பர்னரை ஓட்டும் பெட்டியைச் செய்வது என் வேலை. உள்ளங்கை அளவு போர்டு, அதில் லினக்ஸ். வேண்டாததை வெட்டிச் சின்னதாக்கி, ஒரு மெமரி கார்டில் ஏற்றி, அதையே பன்னிரண்டு நகல் எடுத்தேன். பாஸ்வேர்டும் பன்னிரண்டிலும் அதே, யாரும் ஊகிக்கக்கூடிய சுலபமான ஒன்று. பழுது பார்க்கப் போடிமெட்டு ஏறி இறங்க என்னால் முடியாது, ஜீப்பில் வாந்தி வரும். அதனால் போடியிலிருந்தே உள்ளே நுழையும்படி ஸ்டோர்களின் இணைய இணைப்பில் ஒரு வாசலைத் திறந்து வைத்தேன். அந்த ஊரிலேயே லினக்ஸ் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைப்பு வேறு. கழுதை.

இன்னொன்றும் செய்தேன். மலையில் கரண்ட் அடிக்கடி போகும். ஒவ்வொரு தடவையும் யாராவது போய்ப் பட்டனை அமுக்க வேண்டியிருக்கிறது, காய் கெடுகிறது என்று திட்டினார்கள். சரி, பெட்டிக்கு உயிர் வந்ததும் பர்னர் தானாகப் பற்றட்டும் என்று எழுதிவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. தட்டுத் திருப்ப உள்ளே போகிறவர் தாழ்ப்பாளில் தலைத்துண்டைத் தொங்கவிட்டுப் போவார். சூடு வெளியேறாமல் இருக்க, வெளியே இருப்பவர் கதவைத் தாழ்போடுவார், உள்ளிருந்து தட்டினால் திறப்பார். துண்டு தொங்கும்வரை அடுப்புப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள். விறகுக் காலத்துப் பழக்கம். என் பெட்டிக்குத் துண்டு தெரியாது.

ஒரு நாள் மதியம் அந்தப் பன்னிரண்டில் ஒரு ஸ்டோரின் போனிலிருந்து பேச்சியக்கா கூப்பிட்டாள். அங்கே தட்டுத் திருப்புகிறவள். திரையில் சூடு இறங்குவதைப் பார்த்து நான் பதறக்கூடாதென்று எப்போதும் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"பாப்பா, பர்னர நிப்பாட்டிட்டேன். உள்ள போறேன். பத்த வச்சிராத, நான் ஏலக்கா இல்ல."

"நீங்க காந்தாரி மிளகா, அக்கா."

சிரித்துக்கொண்டே வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டி திரையில் மறைந்து திரும்ப வந்தது. ரீபூட். ஐம்பத்தெட்டு டிகிரி என்றது. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே நுழையப் பார்த்தேன். பாஸ்வேர்டு தப்பு. திரும்ப அடித்தேன். தப்பு. நான் வைத்த பாஸ்வேர்டை வேறு எதுவோ மாற்றியிருந்தது. ஸ்டோருக்குப் போன் அடித்தேன். பச்சைக்காய் எடை போடும் நேரம், எல்லோரும் தராசடியில் இருப்பார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மலையில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. எங்கள் பெட்டிகளை ஏற்றிப்போகும் ஜீப்காரர் செல்லப்பாண்டி அண்ணன் கிடைத்தார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"போடிமெட்டுல பன்னு திங்கிறேன். என்ன சோலி, ஆத்தா?"

"ஸ்டோருக்குப் போங்க. மெயின் சுவிட்ச அமத்திட்டுக் கதவத் தெறங்க. பேச்சியக்கா உள்ள. வெரசா போங்கண்ணே."

ஜீப் கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

அந்த இருபது நிமிஷம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே பாஸ்வேர்டை அடித்துக்கொண்டே இருந்தேன். தப்பு என்று தெரிந்தும்.

ஸ்டோர் போனிலிருந்து அவர் கூப்பிட்டார். "கதவடிச் சந்துல மூக்க வச்சுப் படுத்திருந்துச்சு. உசுரு இருக்கு. பேச்சு வரல."

முதலாளி சென்சார் கெட்டுப்போனதாகச் சொல்லிவிடுவோம் என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றைக்கும் என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

கார்டைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். எவனும் எங்கள்மேல் கோபத்தில் வரவில்லை. இணையத்தில் திறந்த வாசல்களைத் தேடி அலையும் ஒரு புரோகிராம். சுலபமான பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு நுழைந்து, மாற்றி, ரீபூட் செய்து, பெட்டியின் சக்தி முழுவதையும் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ரீபூட் ஆனதும் நான் எழுதியபடியே பர்னர் பற்றியது. சூடு பார்த்து அணைக்க வேண்டிய என் புரோகிராம் அசையக்கூட இடமில்லாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் வாந்தியெடுத்துக்கொண்டே மலையேறினேன். பேச்சியக்கா எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில், வாசலுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு பாப்பா அவன்?"

"ஆளே இல்லக்கா. ஒரு புரோகிராம். எந்த ஊர்லயோ ஒரு வீட்டுக் கேமராவுக்குள்ள பூந்து, அங்கருந்து இங்க வந்திருக்கு. அந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியாது."

"நான் கதவத் தட்டுனது அதுக்குக் கேட்ருக்குமா?"

"கேக்காதுக்கா."

"கரண்டு வந்தாத் தானாப் பத்திக்கும்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப அதச் சொல்லு. புரோகிராமு, கேமரான்னுக்கிட்டு."

அதை எஸ்டேட் ஆபீஸில் போய்ச் சொன்னேன். வேலை போனது. போவதற்கு முன் பன்னிரண்டு பெட்டியையும் நானே கழற்றினேன்.

இப்போது அந்த ஸ்டோர் இல்லை. சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதியாக்கி, காய் காயவைத்த அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். பெருக்கித் துடைக்கப் பேச்சியக்காவைக் கூப்பிட்டார்களாம். கூரைக்குக் கீழே செய்கிற எந்த வேலைக்கும் அவள் வரமாட்டாள். சரிவில் களை எடுக்கிறாள். நெட் எட்டாத இடம் என்று அந்த மலையில் எவ்வளவோ இருந்தது, இப்போது தேடினாலும் கிடைக்காது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அவள் களை எடுக்கும் சரிவிலும் மண்ணின் ஈரம் பார்க்க ஒரு பெட்டியை நட்டு வைத்திருந்தார்கள், பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டு. யார் செய்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை. பேச்சியக்கா அதன் பக்கமே போகாமல், சுற்றி ஆள் படுக்கிற அகலத்துக்குக் களையை எடுக்காமலே விட்டிருந்தாள்.