வாசலோரப் பெட்டி

மூலைகளில் தகரம் அடித்த பழுப்புப் பெட்டி அது. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர்வீட்டில், கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி, செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கும். சித்திரை பிறந்ததும் வாசலுக்கு வரும். ஆடிக் காற்று அடங்கிய பிறகுதான் உள்ளே போகும். அதற்குள் ஒரு கனத்த கம்பளிக் கோட்டு, குழந்தைக்கு முழங்கால்வரை வரும் கம்பளி பூட்ஸ், துணியில் சுற்றிய பாஸ்போர்ட் காகிதங்கள். நெய்வேலியின் சித்திரை வெயிலைப் பார்த்தவர்களுக்குத்தான் அதிலிருந்த கூத்து புரியும். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். சுரங்கப் பக்கமிருந்து வரும் காற்று, கொடியில் காயும் வேட்டியில் பழுப்பு நிலக்கரித் தூளை அப்பிவிட்டுப் போகும். அந்த வெயிலில், ஒரு வீட்டின் வாசலில் கம்பளிக் கோட்டு பயணத்துக்குத் தயாராக நிற்கும்.

பெட்டிக்குச் சொந்தக்காரரை நாங்கள் ரஷ்யக்காரம்மா என்போம். அவருடைய கணவர் அனல்மின் நிலையத்தில் இயந்திரங்களைப் பொருத்த வந்த பொறியாளர். கம்மாபுரத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம் தமிழ் கற்றதால், அந்த அம்மாள் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டால் நம்மூர்க்காரர் என்றே தோன்றும். என் அம்மாவிலிருந்து பால்காரர்வரை எல்லோருமே அவருக்கு அக்காதான். அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு கோடையில், எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது, அம்மா பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்: "எதுக்கும்மா இந்தப் பெட்டி?"

"எங்கூர்ல இப்பத்தான் பனி உருகும் அக்கா. ஆத்துல ஐஸு ஒடைஞ்சி தண்ணி வந்துகினே இருக்கும். தண்ணி வடிஞ்சா காடு காஞ்சி பூடும். இடி வுழும். அப்பறம் நெருப்பு வந்துகினே இருக்கும். பொட்டி இல்லன்னா ஓட முடியாது."

"தண்ணி வந்த ஊருல அதே கோடையில நெருப்பு எப்படிம்மா வரும்? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"ரெண்டும் வரும் அக்கா."

"இங்க எந்தப் பனி உருகப் போவுது? உள்ள எடுத்து வை."

"அது பாட்டுக்கு இருந்துகினு இருக்கட்டும்."

எங்கள் பிளாக்கில் ஒருவர்கூட இதை நம்பவில்லை. துணிமணி அடுக்கிய பெட்டியைப் பெண்பிள்ளை வாசலில் வைத்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: புருஷனோடு சண்டை, பிறந்த வீட்டுக்குப் போகிறாள். பாவம், வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வெள்ளம், நெருப்பு என்று கதை கட்டுகிறாள் என்று முடிவாயிற்று. பக்கத்து வீட்டு சூப்பர்வைசர் சம்சாரம் சொன்னார்: "ரெண்டு வார்த்தை முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். அதுக்காகக் கோவிச்சுக்கிட்டு ரஷ்யாவுக்கா போவாங்க? நம்ம மாதிரி வடலூர்ல பஸ் ஏறுற தூரமா அது?"

அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கணவரிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி நச்சரித்தாள். அப்பா சலித்துப்போனார். "அந்த மனுஷன்கிட்ட டர்பைனைப் பத்திப் பேசவே எனக்குக் கையும் காலும் சேர்ந்து வேலை செய்யணும். பொண்டாட்டியை நல்லா வெச்சுக்கோன்னு எப்படிடி நடிச்சுக் காட்டுறது?"

அப்பாவை நம்பிப் பயனில்லை என்று பெண்களே காரியத்தில் இறங்கினார்கள். ஒரு பகல், ரஷ்யக்காரம்மா குழந்தையோடு கடைக்குப் போயிருந்தபோது, வேலைக்காரப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு அம்மாவும் சூப்பர்வைசர் சம்சாரமும் பெட்டியைப் பிரித்தார்கள். கோட்டு அலமாரிக்குப் போயிற்று. பூட்ஸ் பரணுக்குப் போயிற்று. காகிதங்களை அலமாரியில் மடித்து வைத்திருந்த துணிகளுக்கு அடியில் அம்மா பத்திரப்படுத்தினாள். காலிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த திருப்தியோடு வீடு திரும்பி மோர் குடித்தாள்.

அன்று சாயங்காலம், ரஷ்யக்காரம்மா கொல்லை வழியாக வீடு திரும்பிய சற்று நேரத்தில், இடி வந்தது. மழை வரவில்லை; இடியும் காற்றும் மட்டும் வந்தன. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. கோடையில் அதன் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும். மின்னல் அதில் விழுந்தது. தீ எங்கள் பக்கமாகத் திரும்பியதும் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ் வந்து, கையில் கிடைத்ததோடு ஏறச் சொன்னார்கள். நாங்கள் ஏறிவிட்டோம். கணவர் ஷிப்டில் இருந்ததால் ரஷ்யக்காரம்மா குழந்தையோடு தனியாக வாசலுக்கு ஓடிவந்தார். செருப்புகள் இருந்த இடத்தைப் பார்த்தார். பெட்டி இல்லை. அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் திணித்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினார். நாங்கள் காத்திருந்தோம். அவர் வரவில்லை. கூரைமேல் பொறி பறந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"அவளுக்கு எங்க இருக்குன்னு தெரியாதே!" என்று அம்மா அலறினாள். அப்பா கையைப் பிடிப்பதற்குள் பஸ்ஸிலிருந்து குதித்துவிட்டாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று என்னால் இப்போதும் எழுத முடியாது. இருவரும் வெளியே வந்தபோது பஸ் முழுக்க எழுந்து நின்றது. ரஷ்யக்காரம்மாவின் மார்பில் காகிதக் கட்டு. பின்னால் என் அம்மா. இரண்டு கையிலும் பூட்ஸ் இருந்ததால் கோட்டைச் சுமக்க வழியில்லாமல், அந்த வேகாத வெயில் காலத்தில், நூல் புடவைமேல் அந்தக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பஸ் எங்களை இறக்க வேண்டிய பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டு தீயை அணைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கோட்டைக் கழற்ற மறந்து வேர்த்து ஊற்றியபடி நின்ற அம்மாவிடம் அந்த அம்மாள் கோபமாகச் சொன்னது ஒன்றே ஒன்று: "சொன்னா கேக்கணும் அக்கா!" அம்மா அப்போதுதான் கோட்டைக் கழற்றினாள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள். கனடாவின் வடகோடியில், வரைபடத்தில் பச்சையும் நீலமுமாக இருக்கும் ஓர் ஊரில், மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள்; கைக்குழந்தைக்காரி. இந்தக் கோடைத் தொடக்கத்தில் பனி உருகி ஆறு பெருகி ஊருக்குள் வரும் ரோட்டை அறுத்தது. தண்ணீர் வடிந்து வெயில் ஏறியதும் காட்டில் புகை. ரெண்டும் வரும் அக்கா. பெட்டியைக் கட்டி வாசலில் வை என்று தினமும் போனில் கத்தினேன். "இங்க சைரன் அடிப்பாங்கம்மா, நீ பி.பி. ஏத்திக்காதே" என்றாள். நச்சரிப்பு தாங்காமல் ஒருவழியாகக் கட்டி வைத்தாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கும் சம்பந்தியம்மா, சேத்தியாத்தோப்புக்காரர், தங்கமான மனுஷி. வாசலில் பெட்டி இருந்தால் மருமகள் கோபித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று, எல்லாவற்றையும் எடுத்து அழகாக அலமாரியில் அடுக்கிவிட்டார்! பெட்டியிலிருந்த பாஸ்போர்ட் எங்கே என்று மகளுக்குத் தெரியாது; எடுத்து வைத்தவருக்கும் அந்தப் பதற்றத்தில் நினைவில்லை. சைரன் அடித்தபோது ஒரு கையில் குழந்தையும் மறுகையில் அடுப்பிலிருந்த பிரஷர் குக்கருமாகக் காரில் ஏறியிருக்கிறாள்.

இரண்டு நாள் அவளிடமிருந்து போன் இல்லை. அந்த இரண்டு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். இப்போதும் டெலிபோன் மணி அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். யாரைத் திட்டுவது? சம்பந்தியம்மாவைத் திட்டலாமென்றால் என் அம்மா கோட்டோடு வந்து முன்னால் நிற்கிறாள்.

வீடு தப்பித்தது. திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் தீ இன்னும் அணையவில்லை. மறுபடி இடி வருமென்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள். நேற்று மகளிடம் முதல் கேள்வியாகக் கேட்டேன்: "பெட்டி எங்கடி?"

"வாசல்லதாம்மா."

நடுவில் சம்பந்தியம்மா குரல் கேட்டது: "நான் தொடலைங்க சம்பந்தி! அது பாட்டுக்கு இருந்துகினு இருக்கட்டும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். "அம்மா!" என்று பல்லைக் கடித்தாள். ஆனாலும் அனுப்பினாள். கதவோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு நீலப் பெட்டி. அதன்மேல் கழுவிக் கவிழ்த்த பிரஷர் குக்கர்.