தாராளமா எடுத்துக்கோங்க

தத்துவம் சோறு போடுமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கல்லூரியில் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் மாடம்பாக்கத்தில் வீடு வாங்கினேன். கருத்து என்பது ஒரு கருவி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், என்னைக் கேட்கக்கூட வேண்டாம் என்று வகுப்பில் வீறாப்பாகச் சொல்வேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காரியம் செய்து தாலியைக் கழற்றியே ஆக வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் வஞ்சிரத்தை நறுக்கியபடியே, "நீங்க இன்னா சார் பாடம் எடுக்கிறீங்க?" என்றார். அன்றைய பாடத்தையே சொன்னேன்.

"ஒரு ரூம் மூடியிருக்கு. யாரும் திறந்து பாக்கல. உள்ள ஆள் இல்லைன்னு எப்படி அடிச்சுச் சொல்வீங்க?"

அவர் கத்தி நின்றது. "இத நான் எட்த்துக்கலாமா சார்?"

"தாராளமா எடுத்துக்கோங்க அக்கா."

அடுத்த வாரம் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. கணவர் படுக்கும் அறையை மூடிவிட்டாராம். "தொறந்து பாருங்க, காலியா இருந்தா தாலிய நானே கயட்டிக் குட்த்துடறேன்னேன். ஒருத்தரும் கை வைக்கல சார்." அந்த மனிதரைச் சாகடித்த கை தன்னுடையதாக இருக்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்? எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோவளம் பக்கமிருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நல்ல மத்தியான வெயில். மூடிய கதவின் முன்னால் ஒரு தட்டில் சோறும் மீன்குழம்பும் இருந்தன. வந்துபோன அக்கம்பக்கத்தார் அந்தக் கதவருகே குரலைத் தாழ்த்தினார்கள். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"ரூம மூடசொல்லோ ஃபேன் ஓடிகினு இருந்துச்சு. சுவிட்ச் உள்ள கீது" என்றார் அக்கா. "நேத்து கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்பறம் ஓடுது."

நேற்று கரண்ட் போனதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"ஆம்பள திரும்பாத இன்னும் நாலு வூட்ல ரூம மூடிட்டாங்க சார். கேக்காமயே எட்த்துகினாங்க."

அக்கா, அது வகுப்புக்காகச் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் குழம்பு ஊற்றும்போது கண்ணாடி வளையல்கள் குலுங்கின. சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன்.

கிளம்பும்போது, "அவராண்ட சொல்லிட்டுப் போங்க சார்" என்றார்.

கதவைப் பார்த்து, "வரேன் அண்ணா" என்றேன். பதில் வந்துவிடுமோ என்று பயந்து நின்றேன்.