தொப்பிக்குள் இருந்த துண்டு

தையல்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று தெருவே சொல்லும். சொல்லட்டும். அன்று வந்த கோபத்துக்கு மூக்கு என்ன, முழு உடம்பும் போதவில்லை.

அவள் புருஷன் கல் குவாரியில் வெடிக்காரர். பாறையில் துளை போட்டு, அதற்குள் குச்சிகளை இறக்கி வெடிக்க வைப்பவர். வீட்டில் வெறுமனே குச்சி என்பார். அவளும் ஏதோ விறகுக்குச்சி மாதிரி நினைத்துப் பத்து வருஷம் குடும்பம் நடத்திவிட்டாள்.

மகளுக்கு லீவு நாளானால் தலைவலி. காலையில் அப்பாவின் துணித்தொப்பியை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் திரிவாள். மத்தியானம் வாந்தியெடுத்துச் சுருண்டு படுப்பாள். டாக்டர் கண்ணாடி போடச் சொன்னார். மாமியார், "படிக்கச் சொன்னா வர்ற வலி" என்றாள். அதை நம்பித் தையல்காரி ஒரு நாள் பிள்ளையை அறைந்தும் விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பியின் உள்பக்கம் ஒரு தையல் கண்ணில் பட்டது. கோணல்மாணலான தையல். அந்த வீட்டில் ஊசி பிடிக்கிறவள் அவள் ஒருத்திதான். பிரித்தாள். காகிதத்தில் சுற்றிய, பிசைந்த மாவு போன்ற ஒரு துண்டு.

"என்ன இது?"

"ஜெலட்டின்" என்றார் வெடிக்காரர், தரையைப் பார்த்து.

"அப்படின்னா?"

"அதான், குச்சி. அதுல இருக்கிற எண்ணெய் தோல் வழியா ரத்தத்துல ஏறும். மண்டை பிளக்கும். தினம் தொட்டா உடம்பு பழகிடும். ஒரு நாள் லீவு விட்டா பழக்கம் போயிடும், திங்கக்கிழமை உயிர் போற வலி. அதான் துளியூண்டு தலையிலேயே வச்சுக்கறது. எல்லாரும் செய்யறதுதான்."

"வலிக்குதுன்னு சொல்லி உக்கார வேண்டியதுதானே?"

"உக்காந்தா, குடிச்சிட்டு வந்திருக்கேன்னு மேனேஜர் வேலைய விட்டுத் தூக்கிடுவாரு."

"பாறைய உடைக்கிற சாமான பெத்த பொண்ணு தலையில கவுத்திருக்கீங்க. நான் அவளையே அடிச்சிருக்கேன்."

அவர் வாய் திறந்திருந்தால் அடுத்த அடி அவருக்குத்தான். பிள்ளையை அடித்த கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் துண்டைத் தொப்பிக்குள்ளேயே வைத்து, தன் கையால் ஒழுங்காகத் தைத்தாள். தொட்ட பாவத்துக்கு அவள் மண்டையும் பிளந்துகொண்டிருந்தது. அப்படியே குவாரி ஆபீசுக்குள் நுழைந்தாள். அவள் புருஷனும் மற்ற வெடிக்காரர்களும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள்.

"இங்கெல்லாம் வரக்கூடாதும்மா. ஆபத்தான இடம்" என்றார் மேனேஜர்.

"ஆபத்து எங்க வீட்டுக்கே வந்துடுச்சு சார். இத சாயந்திரம் வரைக்கும் போட்டுக்கங்க. தலை வலிக்கலன்னா இவரு குடிகாரர்னு நானே ஒத்துக்கறேன்."

தொப்பியை மேஜைமேல் வைத்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று அவள் சொல்லவில்லை. மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"எடும்மா அத."

"அப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இத்தன வருஷமா குடிகாரன்னு சொல்லிட்டிருந்தீங்க."

வாசலில் நின்றவர்களில் மூத்தவர் உள்ளே வந்தார். தன் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பிறகு இன்னொருவர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். மேஜையில் கை வைக்க இடமில்லை.

கடைசியாக அவள் புருஷன் மேனேஜர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தலை வலிக்குது சார்" என்றார்.