ஃபண்டு நின்ற பிறகு

வெளியே சொல்லக் கூசுகிற நோயைப் பற்றி ஊர் ஊராகப் போய் உரக்கப் பேசுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. இரண்டாயிரங்களில் எச்.ஐ.வி. திட்டத்தில் களப்பணி பார்த்த எல்லாருக்கும் என் பயம் புரியும்: எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி மாறினால், பழங்காநத்தத்தில் நம் ஆபீசுக்குப் பூட்டு.

சொந்தக் கால்

அந்தப் பூட்டும் வந்தது. வெளிநாட்டு நிதி இந்த மாதத்தோடு சரி என்றார் சென்னையிலிருந்து வந்த அதிகாரி. பெரியாஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். ஆனால் மாதாமாதம் வந்து வாங்க பஸ் காசும், கூடி உட்கார்ந்து தைரியம் சொல்லிக்கொள்ள ஓர் இடமும் எங்கள் திட்டம் கொடுத்தது. மாத்திரையை விட்டால் உயிருக்கே ஆபத்து.

"இனி நீங்க சொந்தக் கால்ல நிக்கணும்மா" என்றார் அதிகாரி, கூடியிருந்த எங்கள் நோயாளிப் பெண்களிடம். கொட்டாம்பட்டிச் செல்வி எழுந்தாள். இதே நோய்க்குப் புருஷனைப் பறிகொடுத்தவள். "நாங்க எப்பவும் சொந்தக் கால்லதான் சார் நின்னோம். உக்கார நாற்காலிதான் நீங்க குடுத்தீங்க."

போர்டு

நாற்காலிகளை மறுவாரமே ஏற்றிப் போனார்கள். போர்டை நானே கழற்றினேன். வீட்டுக்கார அம்மா ராதாபாய் சௌராஷ்ட்ரக்காரர், புடவை வியாபாரம். ஆபீசுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட அன்றே "போர்டுல அந்த நோய் பேரு மட்டும் வேணாம்" என்று கறாராகச் சொன்னவர். வருஷக்கணக்காக மாடியிலிருந்து எங்கள் பெண்களின் அழுகையையும் சிரிப்பையும் கேட்டவரும் அவர்தான்.

சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. பின்கட்டில் புடவை மூட்டைகளை ஒதுக்கி, செவ்வாய்க்கிழமை தோறும் இங்கே கூடிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு அதட்டினார்: "போர்டை ஏம்மா கழட்டுனே? நோய் பேரைப் பெருசா எழுதி மாட்டு. வர்றவங்க எம்புட்டு நேரம் தெருவுல தேடுவாங்க?"

பூ வேன்

பஸ் காசுக்கு? செல்வியும் அவள் ஊர்ப்பக்கத்துப் பெண்களும் திருச்சி ரோட்டில் நின்று, மாட்டுத்தாவணிக்கு மல்லிகை ஏற்றிப் போகும் வேனை மறித்தார்கள். "எங்களுக்கு எச்.ஐ.வி. இருக்குண்ணே. மாத்திரை வாங்கப் போகணும். ஏத்துவீங்களா?" என்று செல்வி பளிச்சென்று கேட்டுவிட்டாள்.

பக்கத்தில் நின்ற நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இந்த நோயைப் பற்றி எத்தனை சந்தையில் நாடகம் போட்டோம், ஓர் ஆளாவது காது கொடுத்திருப்பாரா?

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூடைகளை ஓரமாகத் தள்ளினார். "தொட்டா ஒட்டாதுன்னு சந்தையில தொண்டை கிழியக் கத்துனது நீங்கதானக்கா? ஏறுங்க, பூ வாடுது."

அந்த மாதம் ஒருத்திகூட மாத்திரையை விடவில்லை. அடுத்த மாதமும் அப்படித்தான். நான் ஜவுளிக்கடை வேலைக்குச் சேர்ந்தேன், செவ்வாய்க்கிழமை லீவு வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

ஃபண்டோடு சேர்ந்து நின்றுபோனது நாங்கள் விழுந்து விழுந்து எழுதிய மாதாந்திர அறிக்கை ஒன்றுதான். அது இல்லாமல் யாருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை.